சாரியா முதல் சந்தியாகோ வரை: கைடுடன் கமினோ நடக்க முழு வழிகாட்டி

சந்தியாகோ நகரப் பேராலயத்துக்குப் போகும் கிறிஸ்தவத் திருப்பயணப் பாதையான கமினோ தே சந்தியாகோவில் வழி தவறுவது கடினம். மஞ்சள் அம்புக்குறி மரத்தில் இருக்கும், மதிலில் இருக்கும், தார்ச்சாலையிலும் இருக்கும். ஸ்பெயினின் வடமேற்கு மூலையான கலீசியாவுக்குள் வந்துவிட்டால், கருங்கல் தூண்கள் இன்னும் எவ்வளவு தூரம் பாக்கி என்று மீட்டர் சுத்தமாகச் சொல்லிவிடும். அப்படியிருக்க, காசு கொடுத்து ஒரு கைடை எதற்குக் கூட்டிப் போக வேண்டும்?

இந்தப் பாதையில் பார்க்க வேண்டியவற்றில் பாதிக்கு அறிவிப்புப் பலகையே கிடையாது என்பதுதான் காரணம். 12-ஆம் நூற்றாண்டுக் கோயிலைத் தாண்டி, அது ஏதோ பழைய கட்டடம் என்று நினைத்துக்கொண்டே போய்விடலாம். நல்ல கைடு அங்கே உங்களை நிறுத்துவார். எந்த இடத்தில் வாயைத் திறக்காமல் கூடவே நடக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். ஆகவே கைடு நடத்தும் பயணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விடுதியின் நட்சத்திரங்களை எண்ணுவதைவிட, யார் நடத்துகிறார், எவ்வளவு தூரம் நிஜமாகவே நடக்க வைக்கிறார் என்ற இரண்டையும் பார்த்தால் போதும்.

பாதையின் கதை, சுருக்கமாக

செபதேயுவின் மகனான திருத்தூதர் யாக்கோபு எருசலேமில் ஏரோது அகிரிப்பாவால் வாளுக்கு இரையானார். அவருடைய சீடர்கள் உடலைப் படகில் ஏற்றிக் கலீசியாவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள் என்பது மரபு. 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாயோ என்ற துறவி காட்டுக்குள் வெளிச்சத்தைப் பார்த்ததாகவும், ஆயர் தெயோதோமீரோ அங்கே கல்லறையை அடையாளம் கண்டதாகவும், அஸ்தூரியாஸ் அரசர் இரண்டாம் அல்போன்சோ அங்கே ஒரு கோயில் கட்டியதாகவும் சொல்வார்கள். இன்று நிற்கும் பேராலயத்தின் வேலை 1075-இல் தொடங்கியது. 12-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'கோடெக்ஸ் கலிக்ஸ்தீனுஸ்' என்ற லத்தீன் நூலின் ஐந்தாம் பகுதி, எந்த ஊரில் எந்தத் தண்ணீர் நல்லது என்பது வரை சொல்லும் பயணக் கையேடு.

நடுவில் சில நூற்றாண்டுகள் பாதை தூங்கிப்போயிற்று. 1980-களில் ஓ செப்ரெய்ரோ ஊர்ப் பங்குத்தந்தை எலியாஸ் வலீன்யா மஞ்சள் பெயின்டால் அம்புக்குறி போட்டு அதைத் திரும்ப எழுப்பினார். 1987-இல் ஐரோப்பிய மன்றம் இதைத் தன் முதல் பண்பாட்டுப் பாதையாக அறிவித்தது. 1993-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2024-இல் பயணத்தை முடித்ததற்கான சான்றிதழைச் சந்தியாகோவில் வாங்கியவர்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேர்.

பிரெஞ்சுப் பாதை என்று அழைக்கப்படும் முக்கியத் தடம், பிரான்ஸின் சேன் ஜான் பியே தெ போர் ஊரிலிருந்து சுமார் 780 கிலோமீட்டர். முழுதாக நடக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். பெரும்பாலான கைடு பயணங்கள் அதன் கடைசித் துண்டான சாரியா – சந்தியாகோவை எடுத்துக்கொள்கின்றன. தூரம் சுமார் 115 கிலோமீட்டர். 'கொம்போஸ்தேலா' சான்றிதழுக்குக் குறைந்தது 100 கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்பதால், சாரியாதான் எல்லோரும் தொடங்கும் ஊராகிவிட்டது. இந்த வழிகாட்டியும் அந்தத் துண்டுக்குத்தான்.

முதல் படி: சரியான பயணத்தைத் தேர்ந்தெடுப்பது

பணம் கட்டுவதற்கு முன் ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "சாரியாவிலிருந்து முழுத் தூரத்தையும் நடக்கிறோமா?" சில பயணங்கள் அழகான பகுதிகளை மட்டும் நடக்க வைத்து, மிச்சத்துக்கு வேனில் ஏற்றிவிடும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அப்படிப் போனால் சான்றிதழ் கிடையாது. விளம்பரத்தில் இது தெளிவாக இருக்காது. எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, கைடு உங்களோடு நடப்பாரா, அல்லது காலையும் மாலையும் விடுதியில் முகம் காட்டுவாரா? "கைடு உதவியுடன்" என்று போட்டுவிட்டு ஒரு தொலைபேசி எண்ணை மட்டும் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். கூடவே நடப்பவர் என்றால், அவருக்குக் கலீசியாவின் சுற்றுலா கைடு உரிமம் இருக்கிறதா, எந்த மொழியில் பேசுவார் என்று விசாரியுங்கள். குழுவில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் கதை சொல்வது அறிவிப்பு செய்வதாக மாறிவிடும் என்பது என் கருத்து. முன்னால் போகிறவர் வேகமாகப் போவார், பின்னால் வருகிறவர் மூச்சு வாங்குவார், கைடு இருவருக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பார்.

தங்குமிடம் பாதையிலுள்ள ஊரிலா, தள்ளியிருக்கும் கிராமத்துக் கல்வீட்டிலா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கல்வீடு என்றால் மாலையில் வேன் வந்து ஏற்றிப்போகும். மறுநாள் காலை விட்ட இடத்திலேயே இறக்கிவிட வேண்டும். அது உறுதியானால் பிரச்சினையில்லை.

பங்குக் கோயில்கள் குருவானவரோடு நடத்தும் பயணங்களும் உண்டு, பண்பாட்டுச் சுற்றுலாவாக நடத்துபவையும் உண்டு. தினமும் திருப்பலி வேண்டும் என்பவர் இரண்டாவது வகையில் சேர்ந்துவிட்டு ஏமாறக் கூடாது. கோயிலுக்குள் நுழையவே கூச்சப்படுபவர் முதல் வகையில் மாட்டிக்கொள்ளவும் கூடாது.

இரண்டாம் படி: எப்போது போவது

மே, ஜூன், செப்டம்பர். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஸ்பெயினின் பள்ளிக் கூட்டமே பாதையில் இருக்கும். ஜூலை 25 யாக்கோபு திருநாள் என்பதால் அதை ஒட்டிய நாள்களில் சந்தியாகோவில் அறை கிடைப்பதே கஷ்டம். அந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் அது புனித ஆண்டு. பேராலயத்தின் புனிதக் கதவு திறந்திருக்கும். அடுத்தது 2027. அந்த ஆண்டு போக நினைப்பவர்கள் மிக முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். குளிர்காலத்தில் பாதை அமைதியாக இருக்கும், ஆனால் நிறைய விடுதிகளும் உணவகங்களும் மூடியிருக்கும்.

எந்த மாதம் போனாலும் மழைக் கோட்டு வேண்டும். கலீசியா பச்சையாக இருப்பது சும்மா இல்லை.

மூன்றாம் படி: கால்களைத் தயார் செய்வது

நாளுக்கு 19 முதல் 29 கிலோமீட்டர் என்பது பெரிய தூரமாகத் தோன்றாமல் இருக்கலாம். அதையே ஐந்து நாள் தொடர்ந்து செய்வதில்தான் சிக்கல். ஆகவே பயிற்சியும் அப்படியே இருக்கட்டும்: இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள், வாரக் கடைசியில் அடுத்தடுத்து இரண்டு நாள் நீள நடை நடங்கள். இரண்டாம் நாள் காலையில் உடம்பு என்ன சொல்கிறது என்பதைக் கேட்கத்தான் இந்த ஏற்பாடு. ஏற்றம் நெஞ்சைச் சோதிக்கும், இறக்கம் முழங்காலைச் சோதிக்கும். படிக்கட்டில் இறங்கிப் பழகுவது இரண்டாவதற்கு நல்லது.

ஷூ புதிதாக இருக்கவே கூடாது. அரை அளவு பெரியதாக வாங்கி, பயிற்சியிலேயே பழக்கிவிடுங்கள். நாள் முழுக்க நடந்தால் பாதம் வீங்கும். பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொப்புளத்தைக் கொண்டுவரும், கம்பளி கலந்தது நல்லது. காலையில் விரல் இடுக்குகளில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். நடக்கும்போது ஓரிடத்தில் சூடாக உறுத்தினால், குழுவே முன்னால் போனாலும் சரி, உடனே உட்கார்ந்து ஷூவைக் கழற்றி டேப் ஒட்டிவிடுங்கள். அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடும் உறுத்தல்தான் மூன்றாம் நாள் ஒருவரை வேனில் ஏற்றும்.

நான்காம் படி: பை, காகிதங்கள்

பெட்டியை விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்கு வண்டியில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். கைடு பயணங்களில் இது கட்டணத்திலேயே அடங்கும், எடை வரம்பு மட்டும் இருக்கும். உங்கள் முதுகில் ஒரு சின்னப் பை போதும்: தண்ணீர், மழைக் கோட்டு, மாற்றுக் காலுறை, டேப், தொப்பி, கொஞ்சம் சில்லறை யூரோ, பாஸ்போர்ட். சில கிராமத்துக் கடைகளில் கார்டு எடுபடாது. ஊன்றுகோல் இருந்தால் அடியில் ரப்பர் மாட்டிக்கொள்ளுங்கள். விடியற்காலையில் கல் தெருவில் டக் டக் என்று போகிறவரை யாரும் மனதார வாழ்த்த மாட்டார்கள்.

விசா தேவைப்படும் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளிலிருந்து ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ வரை ஈடு தரும் மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். ஸ்பெயினில் எந்த அவசரத்துக்கும் 112.

எல்லாவற்றையும்விட முக்கியம் 'கிரெதென்சியால்' என்ற மடிப்புச் சிற்றேடு. திருப்பயணியின் அடையாளச் சீட்டு இதுதான். சாரியாவிலிருந்து நடப்பவர்கள் ஒரு நாளைக்குக் குறைந்தது இரண்டு முத்திரை, தேதியோடு வாங்க வேண்டும். கோயிலிலும் கிடைக்கும், விடுதியிலும் கிடைக்கும், காபி குடிக்க நிற்கும் கடையிலும் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தில், நிறத்தில் இருக்கும். மழையில் நனைந்தால் மை பரவிவிடும் என்பதால் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். குழுவாகப் போகும்போது கைடு வாங்கித் தருவார் என்று இருந்துவிடுபவர்கள் உண்டு. ஏடு உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது.

ஐந்தாம் படி: சாரியாவுக்குப் போய்ச் சேர்வது

மத்ரித் சாமர்த்தீன் நிலையத்திலிருந்து ரயிலில் கலீசியா வந்து சாரியா போகலாம்; பெரும்பாலும் ஓரிடத்தில் வண்டி மாற வேண்டியிருக்கும். விமானத்தில் சந்தியாகோவில் இறங்கினால் லூகோ வழியாகப் பேருந்து. பல ஏற்பாட்டாளர்கள் சந்தியாகோவிலேயே கூட்டிச் சேர்த்து வேனில் கொண்டுபோவார்கள். முதல் நாள் நடைக்கு முந்தைய மாலையே சாரியாவில் இருப்பது நல்லது. 1230-இல் சந்தியாகோவுக்குப் போகும் வழியில் இந்த ஊரில்தான் லெயோன் அரசர் ஒன்பதாம் அல்போன்சோ இறந்தார். இங்கே தொடங்குபவர்கள் போக வேண்டிய இடத்துக்கு, அவருடைய உடல் மட்டும் போய்ச் சேர்ந்தது; பேராலயத்தில் அடக்கம்.

ஆறாம் படி: நடை, நாள் நாளாக

*சாரியா – போர்த்தோமரீன், சுமார் 22 கிலோமீட்டர்.* ஊரின் கல் படிக்கட்டில் ஏறி, மக்தலேனா மடத்தைத் தாண்டி இறங்கினால் ஒரு பழைய பாலம், ரயில் தண்டவாளம், அப்புறம் ஓக், செஸ்ட்நட் மரங்களுக்கு நடுவே ஏற்றம். முதல் நாள் உற்சாகத்தில் எல்லோரும் இங்கே வேகமாக ஏறிவிடுவார்கள். நல்ல கைடு வேண்டுமென்றே மெதுவாக நடப்பார், அவரைத் தாண்டாதீர்கள். பர்பதேலோவில் பாதையை விட்டுக் கொஞ்சம் விலகி, 12-ஆம் நூற்றாண்டின் யாக்கோபு கோயில் இருக்கிறது. தூண் தலைகளில் செதுக்கிய மிருகங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஃபெரெய்ரோஸ் அருகே 100-ஆம் கிலோமீட்டர் கல் வரும். படம் எடுக்க வரிசை நிற்கும்.

மாலையில் மீன்யோ ஆற்றின் நீண்ட பாலத்தைக் கடந்தால், களைத்த கால்களுக்கு எதிரே செங்குத்தான ஒரு படிக்கட்டு. மேலே இருப்பது புதிய போர்த்தோமரீன். பழைய ஊர் 1960-களில் பெலேசார் அணைக்காகத் தண்ணீருக்குள் போய்விட்டது. அதற்கு முன், போர்வீரத் துறவிகளான புனித யோவான் மறைவீரர் சபையின் கோட்டைக் கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து மேலே கொண்டுவந்து திரும்பக் கட்டினார்கள். சுவருக்கு ஒரு முழம் தூரத்தில் நின்று பாருங்கள்: கற்களில் அப்போது போட்ட எண்கள் இன்னும் தெரியும். மதில் விளிம்புகளைப் பார்த்தால் கோயிலா கோட்டையா என்று சந்தேகம் வரும், இரண்டும்தான். ஆற்றில் நீர் குறைந்திருக்கும் காலமென்றால் பழைய ஊரின் சுவர்கள் வெளியே தலைநீட்டும்.

*போர்த்தோமரீன் – பாலாஸ் தே ரேய், சுமார் 25 கிலோமீட்டர்.* முதல் பாதி ஏற்றம்தான், அதுவும் பெரும்பாலும் சாலையோரமாக. கொஞ்சம் சலிப்பூட்டும் பகுதி, அதை மறைப்பதற்கில்லை. கஸ்த்ரோமயோரில் அதற்கு ஈடு கிடைக்கும். ரோமானியர் வருவதற்கு முன்பே மக்கள் வாழ்ந்த இரும்புக் கால மேட்டுக் குடியிருப்பு, பாதைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் தெரியாதவர் நேராகப் போய்விடுவார்.

லிகோந்தேக்கு அருகே லமெய்ரோஸில் ஒரு பெரிய மரத்தடியில் 1670-ஆம் ஆண்டுக் கற்சிலுவை. இந்த நாளில் நான் அதிக நேரம் நிற்கச் சொல்லும் இடம் இதுதான். அடிப்பீடத்தைச் சுற்றி வந்தால் சுத்தியல், ஆணிகள், முட்கள், மண்டையோடு என்று கிறிஸ்து பட்ட பாடுகளின் அடையாளங்கள் ஒவ்வொன்றாக வரும். மேலே சிலுவையின் ஒரு பக்கம் கிறிஸ்து, மறுபக்கம் அவருடைய தாய். படிக்கத் தெரியாத திருப்பயணிக்குச் சுற்றி வந்தாலே ஒரு மறையுரை முடிந்துவிடும்.

பாதையிலிருந்து விலகியுள்ள விலார் தே தோனாஸ் கோயிலுக்கு வேனில் கூட்டிப்போக முடியுமா என்று கைடிடம் முன்பே கேட்டு வையுங்கள். சந்தியாகோ என்ற இன்னொரு மறைவீரர் சபையினரை அடக்கம் செய்த இடம் அது. உள்ளே பழைய சுவரோவியங்களில் உள்ள பெண் முகங்கள் பார்க்க வேண்டியவை.

*பாலாஸ் தே ரேய் – அர்சூவா, சுமார் 29 கிலோமீட்டர்.* மிக நீளமான நாள். ஓடை ஓடையாக இறங்கி ஏற வேண்டும். விவரமான ஏற்பாட்டாளர்கள் இதை மெலீதேயில் இரண்டாக வெட்டி, மொத்த நடையை ஆறு நாளாக்குவார்கள். முதல்முறை நடப்பவருக்கு அதையே பரிந்துரைப்பேன். ஏனென்றால் இந்தப் பாதையின் சிறந்த துண்டு இதுதான், அதை ஓட்டமாக ஓடக் கூடாது.

லெபொரெய்ரோவில் மரியன்னை கோயில் வாசலுக்கு மேல் தாயும் குழந்தையும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். ஊற்றருகே கிடைத்த மாதா சுரூபத்தைக் கோயிலில் வைத்தால், இரவோடு இரவாக அது ஊற்றுக்கே திரும்பிவிடுமாம். வாசலில் சிலை செதுக்கிய பிறகுதான் தங்கியதாம். எதிரே கல் பீடத்தில் பெரிய கூடை மாதிரி ஒன்று வைக்கோல் தொப்பியோடு நிற்கும். அது சோளம் சேமிக்கும் பழைய பத்தாயம். வழியெல்லாம் தூண்கள்மேல் நிற்கும் நீளமான 'ஓரெயோ' களஞ்சியங்களும் அதற்குத்தான்.

ஃபுரேலோஸில் நான்கு வளைவுகள் கொண்ட இடைக்காலப் பாலம். அதைக் கடந்ததும் உள்ள சிறு கோயில் திறந்திருந்தால் கட்டாயம் உள்ளே போங்கள். சிலுவையில் உள்ள கிறிஸ்து வலக் கையை ஆணியிலிருந்து விடுவித்துக் கீழே, நம்மை நோக்கி நீட்டியிருப்பார். இந்த இடத்தில் பேசாமல் ஒதுங்கி நிற்கும் கைடு கிடைத்தால் நீங்கள் கொடுத்த பணம் வீண் போகவில்லை.

மெலீதேயில் மதியம் ஆக்டோபஸ். அவித்து, கத்தரியால் வெட்டி, மரத் தட்டில் போட்டு, கல் உப்பு, சிவப்பு மிளகாய்த் தூள், ஆலிவ் எண்ணெய் விட்டுத் தருவார்கள். சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கலீசியக் கீரை சூப்பான 'கால்தோ' பார்க்கக் கீரையாக இருந்தாலும் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு சேரும். "கறி இல்லாமல்" என்று சொன்னால் போதாது, பன்றித் தொடைக் கறியான ஹாமோனும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். முட்டை சாப்பிடுபவருக்கு உருளைக்கிழங்கு ஆம்லெட்டான தோர்த்தீயா எங்கும் கிடைக்கும்.

கஸ்தன்யேதாவில் பார்க்க ஒன்றும் இல்லை, கேட்க உண்டு. பேராலயம் எழுந்த காலத்தில், சாரியாவுக்கும் முன்னால் உள்ள த்ரியகஸ்தேலாவிலிருந்து திருப்பயணிகள் ஆளுக்கொரு சுண்ணாம்புக் கல்லைச் சுமந்துவந்து இங்கிருந்த சூளையில் போட்டார்கள் என்று கோடெக்ஸ் கலிக்ஸ்தீனுஸ் சொல்கிறது. சந்தியாகோ சுவரின் சாந்தில் அவர்கள் முதுகு வலியும் கலந்திருக்கிறது. அடுத்து ரிபதீசோவில் பழைய பாலத்தடியில் ஈசோ ஆறு; ஷூவைக் கழற்றிக் கால் நனைக்கலாம். அதன் பிறகு அர்சூவா வரை கடைசி ஏற்றம், ஊர் போனால் மெத்தென்ற பாலாடைக்கட்டி.

*அர்சூவா – ஓ பெத்ரோசோ, சுமார் 19 கிலோமீட்டர்.* யூகலிப்டஸ் தோப்பு, மேய்ச்சல் நிலம், எளிய நடை. வேறு பாதைகளில் வந்தவர்களும் சேர்ந்துவிட்டதால் கூட்டம் அதிகம். நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்கும் இடங்களில் மட்டும் கவனம்.

*ஓ பெத்ரோசோ – சந்தியாகோ, சுமார் 20 கிலோமீட்டர்.* நண்பகல் திருப்பலிக்குப் போக வேண்டும் என்றால் இருட்டிலேயே கிளம்ப வேண்டும், தலைவிளக்கு தேவைப்படும். அன்றிரவு சந்தியாகோவிலேயே தங்கி, மறுநாள் திருப்பலி பார்ப்பது இன்னும் நிதானம். விமான நிலையத்தைச் சுற்றிக்கொண்டு லவகோயா வரும். நகருக்குள் அழுக்கோடு போகக் கூடாதென்று இடைக்காலத் திருப்பயணிகள் இந்த ஓடையில் உடம்பு முழுக்கக் கழுவிக்கொண்டார்கள். இப்போது ஓடையைப் பார்த்தால் நம்பக் கடினம். மோன்தே தோ கோசோ குன்றிலிருந்துதான் பேராலயக் கோபுரங்கள் முதலில் தெரியும். குழுவில் யார் முதலில் பார்த்தாரோ அவருக்கு 'அரசர்' பட்டம் கொடுப்பது பழைய வழக்கம். முக்கியப் பாதையில் நின்றால் மரங்கள் மறைக்கும். கை நீட்டி நிற்கும் இரண்டு திருப்பயணிகளின் சிலை வரை கொஞ்சம் விலகிப் போக வேண்டும்.

கடைசி நான்கைந்து கிலோமீட்டர் நகரத்து நடைபாதை, சிக்னல், பேருந்து நிறுத்தம். பிறகு போர்த்தா தோ கமீன்யோ என்ற நகர வாசல் வழியாகப் பழைய நகரம். ஒரு வளைவுக்குள் படி இறங்கும்போது பேக்பைப் வாசிக்கும் சத்தம் கேட்டால், அடுத்த அடி பேராலயத்தின் முன்னுள்ள ஒப்ரதொய்ரோ சதுக்கம்.

ஏழாம் படி: சந்தியாகோவில்

முதலில் ருவா தாஸ் கரேத்தாஸ் தெருவிலுள்ள திருப்பயணியர் அலுவலகம். போகும் முன்பே இணையத்தில் பெயரைப் பதிந்துவிட்டால் வரிசை சீக்கிரம் நகரும். கிரெதென்சியாலைக் காட்டி, சமய அல்லது ஆன்மிக நோக்கத்தோடு நடந்தேன் என்று சொன்னால் கொம்போஸ்தேலா இலவசமாகக் கிடைக்கும். அதில் உங்கள் பெயரை லத்தீனில் எழுதித் தருவார்கள். வேறு நோக்கம் என்று சொல்பவர்களுக்கும் வேறொரு சான்றிதழ் உண்டு. எத்தனை கிலோமீட்டர் நடந்தீர்கள் என்று காட்டும் தாள் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டணம்.

பேராலயத்துக்குள் முதுகுப் பையை விட மாட்டார்கள், விடுதியில் வைத்துவிட்டு வாருங்கள். பலிபீடத்துக்குப் பின்னால் ஏறி யாக்கோபு சுரூபத்தைத் தழுவுவதும், கீழே வெள்ளிப் பேழை முன் மண்டியிடுவதும் மரபு. சிற்பி மாயெஸ்த்ரோ மத்தேயோ 1188-இல் நிலைக்கற்களை ஏற்றிய 'மகிமை வாயில்' இப்போது தனி நுழைவுச் சீட்டில். முன்பதிவு செய்யாமல் போனால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். நூற்றாண்டுகளாகத் திருப்பயணிகள் கைவைத்துத் தேய்ந்துபோன அதன் தூணை இப்போது தொட அனுமதி இல்லை. ஆனால் விரல்கள் பதிந்த குழிகள் அப்படியே தெரியும்.

'போத்தாஃபுமெய்ரோ' என்ற பெரிய தூபக்கலசத்தைத் தினமும் ஆட்டுவதாகப் பலர் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அப்படியில்லை. 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள அதை எட்டுப் பேர் கயிறு பிடித்து ஆட்டுவது பெருவிழா நாள்களிலும், யாராவது காணிக்கை கட்டி ஏற்பாடு செய்திருக்கும்போதும் மட்டுமே. ஏற்பாட்டாளர் தன் விளம்பரத்தில் அந்தப் படத்தைப் போட்டிருந்தால், உங்கள் தேதியில் அது நடக்குமா என்று நேராகவே கேளுங்கள்.

ஊர் திரும்பும் டிக்கெட்டை வந்து சேரும் நாளிலேயே போடாமல், இடையில் ஒரு முழு நாள் விடுங்கள். கால் இன்னும் தெம்பாக இருந்தால் அட்லாண்டிக் கடற்கரையிலுள்ள ஃபினிஸ்தெர்ரே வரை பாதை நீள்கிறது. அது மேலும் சுமார் 90 கிலோமீட்டர் நடை, இல்லையென்றால் பேருந்தில் போய்விட்டு அன்றைக்கே திரும்பலாம்.